பெரிய ஆபரேஷன்தான் நல்ல ஆபரேஷனா?

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே விரிவாக்கி எழுதப்பட்டது.)

நான் ஒரு மெக்கானிக்கல் எஞ்சினியர். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. டாக்டர் இல்லை. அப்படிப்பட்டவன் ஆசனவாய், மலக்குடல் பகுதியில் வரும் ஓர் அரிய புற்றுநோயைப் பற்றியும், அதற்குச் செய்கிற ஆபரேஷனின் பலன்களைப் பற்றியும் பேசப்போகிறேன் என்றதும் செயலாளர் கொஞ்சம் தயங்கினார். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். முன்னாடியே வைத்துவிடுங்கள் என்றேன். அந்தத் தயக்கத்தைப் பற்றியும் நான் பேச வேண்டியிருக்கிறது. நம் ஊரில் இந்த நோய் தாமதமாகத் தெரியவருவதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம்.

இந்த விஷயம் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது. அப்போது நான் தேடிப் படித்ததும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்த உரை. வைத்தியம் சொல்ல நான் வரவில்லை. ஒரு கணக்கை எப்படிப் படிப்பது என்பது நமக்குத் தெரிந்த தொழில். அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு சாணுக்குள் மூன்று நோய்

பெருங்குடலின் கடைசிப் பகுதி மலக்குடல். அதற்குக் கீழே ஆசனவாய்க் குழாய். இரண்டும் சேர்ந்து ஒரு சாண் நீளம்கூட வராது. அந்த ஒரு சாணுக்குள் முக்கியமாக மூன்று வகைப் புற்றுநோய்கள் வரலாம். மூன்றுக்கும் அறிகுறி ஏறத்தாழ ஒன்றுதான். ரத்தம் போகும், கட்டி தட்டுப்படும், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பதுபோல் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலாவது, சாதாரணமாக நாம் கேள்விப்படும் மலக்குடல் புற்றுநோய். குடலின் உள்சுவரில் இருக்கும் சுரப்பிச் செல்களிலிருந்து வருவது. எண்ணிக்கையில் இதுதான் அதிகம். இதற்கு ஆபரேஷன்தான் ஆணிவேர். சரியாகச் செய்தால் பலர் குணமடைகிறார்கள்.

இரண்டாவது, ஆசனவாயின் தோல் போன்ற படலத்தில் வருவது. ஒரு காலத்தில் இதற்கும் ஆசனவாயையே எடுத்துவிடுவார்கள். 1974இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நார்மன் நிக்ரோ என்ற அறுவை மருத்துவர், ஆபரேஷனுக்கு முன்பு கட்டியைச் சுருக்குவதற்காக மூன்று நோயாளிகளுக்கு மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தார். இருவருக்கு ஆபரேஷன் செய்து எடுத்த பகுதியைச் சோதித்தால், அதில் கட்டியே இல்லை. மூன்றாமவர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கும் கட்டி மறைந்திருந்தது. அந்த மூன்று பேரிலிருந்து தொடங்கிய வழிதான் இன்று உலகம் முழுவதும் நடைமுறை. இந்த வகைக்கு இப்போது முதல் வைத்தியம் கத்தி அல்ல.

மூன்றாவதுதான் நான் பேச வந்தது. மெலனோமா. நம் தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் வரும் புற்றுநோய். மெலனோமா என்றால் வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் நின்றதால் வருவது என்று படித்திருப்பீர்கள். ஆனால் அதே நிறச் செல்கள் ஆசனவாயின் உட்படலத்திலும் இருக்கின்றன. வெயிலே படாத இடத்தில் அவை புற்றாகும்போது வருவதுதான் இது. மொத்த மெலனோமாக்களில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இந்தப் பகுதியில் வரும் புற்றுநோய்களிலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. பெண்களுக்குச் சற்று அதிகம்.

கறுப்பாகத்தானே இருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடுமே என்று நினைக்கலாம். அப்படி இல்லை. கணிசமான கட்டிகளில் நிறமே இருக்காது. நிறமிருந்தாலும் உறைந்த ரத்தத்தோடு இருக்கும் மூலம் மாதிரியே தோன்றும். திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எஸ்-100, எச்.எம்.பி-45 என்று சில விசேஷ சாயப் பரிசோதனைகள் செய்தால்தான் உறுதியாகும்.

மைல்ஸ் காட்டிய வழி

இனி ஆபரேஷனுக்கு வருகிறேன். லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்று ஒரு சர்ஜன் இருந்தார். அவர் காலத்தில் மலக்குடல் புற்றை அடியிலிருந்து மட்டும் வெட்டி எடுப்பார்கள். அவர் தன்னுடைய 57 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். 54 பேருக்கு நோய் திரும்ப வந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் அந்தக் கணக்கை மூடி வைத்திருப்பார். இவர் வெளியே சொன்னார். இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்து, நோய் எந்தெந்தப் பாதையில் மேலே பரவுகிறது என்று பார்த்தார். 1908இல் புதிய முறையை அறிவித்தார். வயிற்றின் வழியாகவும் அடியிலிருந்தும் வெட்டி, மலக்குடல், ஆசனவாய், சுற்றியிருக்கும் நெரிக்கட்டிகள் எல்லாவற்றையும் ஒன்றாக எடுப்பது. ஆசனவாய் மூடப்படும். குடலின் முனையை வயிற்றில் ஒரு வாசல் வைத்து வெளியே விடுவார்கள். அதன்மேல் பை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆயுள் முழுக்க.

மலக்குடல் புற்றுநோய்க்கு இது பெரிய முன்னேற்றம். பிறகு 1982இல் இங்கிலாந்தின் பில் ஹீல்டு, மலக்குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையைக் கிழிக்காமல் முழுசாக எடுக்க வேண்டும் என்று காட்டினார். அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. பலருக்குப் பை இல்லாமலே குடலை இணைக்கவும் முடிந்தது.

இந்த வெற்றியைப் பார்த்தவர்கள், அதே இடத்தில் வரும் மெலனோமாவுக்கும் அதே பெரிய ஆபரேஷனைச் செய்தார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. பொல்லாத நோய்க்குப் பெரிய வெட்டு என்பது யாருக்கும் தோன்றக்கூடிய நியாயம்தான். இன்னொரு வழி, கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, ஆசனவாயைக் காப்பாற்றுவது. பை தேவையில்லை. சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த இரண்டில் எது நல்லது? ஏறக்குறைய நூறு வருஷமாக இதுதான் கேள்வி.

ஒரே மருத்துவமனை, இரண்டு அறிக்கை

நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் என்ற புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1995இல் அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 64 வருஷத்து அனுபவம். அத்தனை பெரிய இடத்தில், அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து நோயாளிகள் 85 பேர்தான். நோய் எவ்வளவு அரிது என்பதற்கு அதுவே சாட்சி. நீண்ட நாள் பிழைத்தவர்களில் அநேகமாக எல்லோரும் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்று கண்டார்கள். அதனால், நோய் பரவாமல் இருந்தால் பெரிய ஆபரேஷனே நல்லது என்று சொன்னார்கள்.

2006இல் அதே மருத்துவமனையிலிருந்து இன்னொரு கட்டுரை. இந்தத் தடவை 1984 முதல் 2003 வரை குணப்படுத்தும் நோக்கத்தோடு ஆபரேஷன் செய்யப்பட்ட 46 பேர். 19 பேருக்குப் பெரிய ஆபரேஷன், 27 பேருக்குச் சிறிய ஆபரேஷன். ஐந்து வருஷம் கழித்து இந்த நோயால் சாகாமல் இருந்தவர்கள் பெரிய ஆபரேஷனில் 34 சதவீதம். சிறிய ஆபரேஷனில் 35 சதவீதம். வித்தியாசம் இல்லை. தங்கள் மருத்துவமனையே முன்பு சொன்னதை அவர்களே மாற்றிச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அமெரிக்காவின் தேசியப் பதிவேடுகளை வைத்துப் பார்த்தவர்களும் உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே கண்டார்கள். 2015இல் ஜப்பானிய மருத்துவர்கள் 31 ஆய்வுகளை, 1006 நோயாளிகளின் விவரத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பெரிய ஆபரேஷன் செய்தால் அதே இடத்தில் நோய் திரும்புவது குறைகிறது. ஆனால் ஆயுள் கூடவில்லை.

ஏன் அப்படி? நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். திருமங்கலம் தாண்டி விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் போகிறவர்களுக்குச் சீமைக்கருவேலம் தெரியும். ஒரு மரத்தை வெட்ட, அதைச் சுற்றி ஒரு ஏக்கர் நிலத்தையே தோண்டிப் போட்டாலும், ஆடு மாடு தின்ற காய் ஏற்கனவே அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன செய்ய முடியும்? அங்கே முளைக்கத்தான் செய்யும். மரத்தை வேரோடு எடுக்க வேண்டியது அவசியம். ஆனால் சுற்றி ஒரு ஏக்கர் தோண்டுவதால் அடுத்த கண்மாய் தப்பாது. இந்த மெலனோமாவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும்போதே பலருக்கு அதன் விதை ரத்தத்தின் வழியாக ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கிறது. உயிரை எடுப்பது அங்கே முளைப்பதுதான்.

"வேரோடு" என்று சொன்னேன் அல்லவா, அதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்வீடனில் 1960 முதல் 1999 வரை நாடு முழுவதும் பதிவான 251 நோயாளிகளின் விவரத்தை 2010இல் வெளியிட்டார்கள். வெட்டிய ஓரத்தில் கட்டி எதுவும் மிச்சமில்லாமல் சுத்தமாக எடுக்கப்பட்டவர்களில் ஐந்து வருஷம் பிழைத்தவர்கள் சுமார் 19 சதவீதம். மிச்சம் இருந்தவர்களில் 6 சதவீதம். ஆக, வெட்டு எவ்வளவு பெரிது என்பதைவிட, ஓரம் சுத்தமா என்பதுதான் முக்கியம்.

கணக்கை எப்படிப் படிப்பது

இங்கே உட்கார்ந்திருக்கும் எஞ்சினியர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வந்திருக்கும். 46 பேரை வைத்துக்கொண்டு என்ன முடிவு சொல்ல முடியும்? நியாயமான சந்தேகம். எங்கள் பிளாண்டில் 46 உதிரிபாகத்தைப் பார்த்துவிட்டு ஒரு லாட்டையே பாஸ் பண்ணினால் என்னை யாரும் சும்மா விடமாட்டார்கள்.

இரண்டாவது சந்தேகம் இன்னும் முக்கியமானது. யாருக்குப் பெரிய ஆபரேஷன், யாருக்குச் சிறியது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யவில்லை. டாக்டர் பார்த்து முடிவு செய்திருக்கிறார். உடம்பு தாங்கும், நோய் பரவவில்லை என்று தோன்றியவருக்குப் பெரிய ஆபரேஷன் செய்திருந்தால், அவர் அதிக நாள் வாழ்ந்தது ஆபரேஷனாலா, உடம்பு நன்றாக இருந்ததாலா? மாறாக, கட்டி பெரிதாக இருந்தவருக்கு வேறு வழியில்லாமல் பெரிய ஆபரேஷன் செய்திருந்தால், கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒப்பிடும் பரிசோதனை இந்த நோய்க்கு நடக்கவே இல்லை. நோயாளிகள் அத்தனை பேர் கிடைப்பதில்லை.

அப்படியானால் இந்தக் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. ஒரு ஆய்வு மட்டும் சொன்னால் தள்ளலாம். வேறு வேறு நாட்டில், வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வருஷத்தில் பார்த்ததெல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால், அதை மதிக்க வேண்டும். பெரிய ஆபரேஷனால் ஆயுள் நிச்சயம் கூடும் என்றிருந்தால், இத்தனை கணக்கில் ஒன்றிலாவது அது பளிச்சென்று தெரிந்திருக்கும்.

இரண்டு டிசைனுக்கும் ஆயுள் ஒன்றுதான் என்றால் எதை எடுப்போம்? பராமரிப்புக் குறைவானதைத்தான். ஆனால் இங்கே ஒரு நிபந்தனை. கட்டி பெரிதாகி, ஆசனவாயை மூடித் திறக்கும் தசைக்குள் இறங்கியிருந்தால், சிறிய ஆபரேஷனில் ஓரம் சுத்தமாக வராது. அப்போது பெரிய ஆபரேஷன்தான் வழி. அதை முடிவு செய்ய வேண்டியவர் சர்ஜன். நாம் அல்ல.

எங்கள் பெரியப்பா

வாடிப்பட்டி பக்கத்தில் எங்கள் பெரியப்பா விவசாயம் பார்த்தார். 2016இல் அவருக்கு வயது 62. ரத்தம் போக ஆரம்பித்து எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்குக்கூடத் தெரியாது. மூலச்சூடு என்று அவரே முடிவு செய்து துத்திக்கீரை, கருணைக்கிழங்கு, மோர் என்று சாப்பிட்டார். பிறகு பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு இடத்துக்குப் போனார். பெயர் வேண்டாம். அங்கே ஊசி போட்டு, ஒரு துண்டை வெட்டியும் எடுத்தார்கள். எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அது குப்பைக்குப் போனது. மூன்று மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது. அதன் பிறகுதான் அவர் மகன் மதுரையில் ஒரு புற்றுநோய் சர்ஜனிடம் கூட்டிப்போனான். திசுப் பரிசோதனையில் மெலனோமா என்று வந்தது. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. கட்டி சுமார் 2 சென்டிமீட்டர்.

அன்று ராத்திரி குடும்பம் முழுக்க உட்கார்ந்து பேசினோம். மகன், மருமகன், பெரியம்மாவின் தம்பி எல்லோருக்கும் ஒரே எண்ணம். "என்ன செலவானாலும் சரி, பெரிய ஆபரேஷனாப் பண்ணிருவோம்." சிறிய ஆபரேஷன் என்று சொன்னாலே, காசுக்குப் பயந்து அப்பாவைக் கைவிடுகிறோம் என்று ஊர் பேசும் என்ற பயம். நான் படித்ததைச் சொன்னேன். "நீ டாக்டரா?" என்றார்கள். கேட்டது சரிதான். எல்லோருமாக மறுநாள் டாக்டரிடம் போனோம்.

அங்கே பெரியப்பாதான் கேட்டார். "ஐயா, பை மாட்டுனா எத்தன வருசம், மாட்டாட்டி எத்தன வருசம்? ரெண்டையும் சொல்லிருங்க."

டாக்டர் மறைக்கவில்லை. "பெரியவரே, ஆயுள் கணக்குல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பை வச்சாக்க அதே எடத்துல திரும்ப வர்ற வாய்ப்பு கொஞ்சம் கொறையும். ஆனா இந்த நோய் ஆளை அடிக்கிறது அந்த எடத்துல இல்ல. உங்க கட்டி சின்னதா இருக்கு, சுத்தமா எடுத்துர முடியும்னு எனக்குத் தோணுது. எடுத்துட்டு கரண்டு வைப்போம். ஓரத்துல மிச்சம் இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா மறுபடி பேசுவோம்."

"கரண்டு வைப்பது" என்று நம் ஊரில் சொல்வது கதிர்வீச்சு. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் சிறிய ஆபரேஷனோடு கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்து, ஐந்தில் நான்கு பேருக்கு அந்த இடத்தில் நோய் திரும்பாமல் வைத்திருந்ததாக 2011இல் எழுதினார்கள். ஆயுளை அது கூட்டவில்லை. அந்த இடத்தைக் காப்பாற்றியது.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொன்னதைத்தான டாக்டரும் சொல்றாரு? அப்ப சின்னதே போதும். வயக்காட்டுல குனிஞ்சு நிமிரணும்ல." முடிவு அவருடையது. காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. ஓரம் சுத்தமாக வந்தது.

பத்தொன்பது மாதம் நன்றாக இருந்தார். பிறகு ஸ்கேனில் ஈரலில் புள்ளிகள் தெரிந்தன. ஆபரேஷன் செய்த இடத்தில் கடைசிவரை நோய் திரும்பவில்லை. 2017, 2018 இரண்டு வருஷமும் சித்திரைத் திருவிழாவுக்கு வந்து, கூட்டத்தில் நின்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தார். 2018இல் நெல் போட்டார். பேத்தி கல்யாணத்தில் பந்தியை முன்னால் நின்று கவனித்தார். 2019 ஜனவரியில் காலமானார். ஆபரேஷனிலிருந்து 27 மாதம்.

இதை நான் வெற்றிக் கதையாகச் சொல்லவில்லை. ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற நோயில் அவர் மற்ற நால்வரில் ஒருவர். ஆனால் அந்த 27 மாதமும் அவர் விரும்பியபடி இருந்தார். அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் கிடைத்ததால்தான் அது முடிந்தது.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, "பை வைக்கிற ஆபரேஷனே வேண்டாம்னு எங்க சங்கக் கூட்டத்துல சொன்னாங்க" என்று யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னது மெலனோமாவுக்கு மட்டும். சாதாரண மலக்குடல் புற்றுநோய்க்குக் கணக்கே வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மலக்குடல் புற்றுக்கு ஆசனவாயை எடுத்துப் பை வைத்தார்கள். இன்றும் காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறார். வேட்டிக்குள் பை இருப்பது பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியாது. அந்தப் பைதான் அவருடைய பன்னிரண்டு வருஷம். அவர் பைக்குப் பயந்து ஓடியிருந்தால் இன்று இல்லை.

ஆகவே முதல் கேள்வி, என்ன ஆபரேஷன் என்பதல்ல. நோயின் சரியான பெயர் என்ன என்பது. பெயர் தெரிந்த பிறகுதான் கத்தியின் அளவைப் பற்றிப் பேச முடியும்.

நம் மாநிலத்துக் கணக்கு

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைப் பற்றி நீங்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். அவருடைய தங்கை 1920களின் தொடக்கத்தில் மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தத் துக்கத்திலிருந்து பிறந்த உறுதிதான் 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 12 படுக்கையோடு தொடங்கியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஒரு சாண் இடத்து நோய்தான் தமிழ்நாட்டின் புற்றுநோய் வைத்தியத்துக்கே வித்து என்று சொன்னால் மிகையில்லை.

அந்த நிறுவனம் செய்த இன்னொரு பெரிய காரியம், எண்ணியது. சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்தே புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் 1990களிலேயே கிராம மக்களுக்கான பதிவேடு நடந்தது. வருஷத்துக்கு ஆறு பேர் கணக்கில் நாற்பது வருஷம் விடாமல் எழுதி வைத்ததால்தான் ஸ்வீடனால் அந்த 251 பேரைப் பற்றிச் சொல்ல முடிந்தது. அந்த நாட்டு ஜனத்தொகை அப்போது ஒரு கோடிக்கும் குறைவு. நம் மாநிலத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏழு கோடிக்கு மேல். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற இடங்களின் டாக்டர்களும் இந்த நோயைப் பற்றிய தங்கள் அனுபவத்தை எழுதியிருக்கிறார்கள். அரிய நோய்க்கு ஒவ்வொரு நோயாளியின் விவரமும் பொக்கிஷம். குப்பைக்குப் போன எங்கள் பெரியப்பாவின் முதல் துண்டு அப்படிப்பட்ட ஒன்று.

புதிய மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மீது புற்றுநோய் போட்டு வைத்திருக்கும் பிரேக்கை விடுவிக்கிற மருந்துகள் வந்திருக்கின்றன. அதற்கு அடிப்படையைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. தோலில் வரும் மெலனோமாவில் இவை பலருடைய தலையெழுத்தையே மாற்றியிருக்கின்றன. உட்படலத்தில் வரும் மெலனோமாவில் பலன் அதைவிடக் குறைவு. இருந்தாலும் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. விலைதான் லட்சக்கணக்கில். விதை ஏற்கனவே போய்விட்ட நோயில், இனி ஆயுளைக் கூட்டப்போவது பெரிய கத்தி அல்ல, இது போன்ற மருந்தும், சீக்கிரம் கண்டுபிடிப்பதும்தான்.

வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை

கடைசியாக, நீங்கள் வீட்டில் சொல்வதற்காகச் சில குறிப்புகள்.

ஒன்று: மலத்தில் ரத்தம் என்றால் பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். ஆனால் மூலம்தான் என்று சொல்ல வேண்டியவர் விரல்விட்டு, கருவி வைத்துப் பார்த்த டாக்டர். பஸ் விளம்பரம் அல்ல, சுவரொட்டி அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்தம் கண்டால் தள்ளிப்போடவே கூடாது.

இரண்டு: வெட்டி எடுத்த எதையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூலம் என்று எடுத்த துண்டாக இருந்தாலும் சரி. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி வையுங்கள்.

மூன்று: பெண்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம். பெண் டாக்டர் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகலாம். உங்கள் அம்மாவிடம் ஒருமுறை கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

நான்கு: புற்றுநோய் என்று வந்துவிட்டால் சர்ஜன், கதிர்வீச்சு டாக்டர், மருந்து டாக்டர் மூவரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் இடத்துக்குப் போங்கள். மதுரையில் தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. காசில்லாதவர்களுக்கு ராஜாஜி அரசு மருத்துவமனையும், பாலரெங்காபுரத்தில் இருக்கும் அதன் புற்றுநோய்ப் பிரிவும் இருக்கின்றன. 2012 முதல் முதலமைச்சர் விரிவான காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

ஐந்து: டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இது எந்த வகைப் புற்று? பரவியிருக்கிறதா? இந்த ஆபரேஷனால் ஆயுள் கூடுமா, அல்லது அதே இடத்தில் வருவது மட்டும் குறையுமா? ஆபரேஷனுக்குப் பிறகு அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆறு: இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது நோயாளியும் அறையில் இருக்கட்டும். நம் வீடுகளில் பெரியவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பிள்ளைகள் உள்ளே போய் முடிவெடுத்துவிடுகிறோம். பாசத்தினால்தான் செய்கிறோம். ஆனால் உடம்பு அவருடையது.

பெரிய செலவு, பெரிய ஆஸ்பத்திரி, பெரிய ஆபரேஷன் என்றால்தான் பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று நாம் நினைக்கிறோம். எந்த நோய்க்கு எது பொருந்தும் என்று நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் பெற்றவர்களுக்குச் செய்கிற கடமைதான்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.